சதுரங்கப் பலகையும் நெல்லும்: 18,446,744,073,709,551,615 பற்றி என் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனைப் பக்கத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். பதினோராம் ஆண்டுக்குப் பெருக்கல் விருத்தி தொடங்கும் நாளில் சதுரங்கப் பலகைக் கதையைச் சொல்வது வழக்கம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் வயல் உண்டு. அதனால் கதை முடிந்ததும் சூத்திரத்தை யாரும் கேட்பதில்லை, "சேர், அது எத்தனை புசல் வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரும் கேள்விகளும் வருடா வருடம் அதே கேள்விகள்தான். பதிலை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

சதுரங்க விளையாட்டைக் கண்டுபிடித்தவனிடம் அரசன், "என்ன வேண்டும், கேள்" என்றானாம். "பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்து 64 கட்டத்துக்கும் தாருங்கள், போதும்" என்றான் அவன். இவ்வளவு சின்ன ஆசையா என்று அரசன் சிரித்தான். கணக்குப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. மொத்தம் 18,446,744,073,709,551,615 தானியம்.

13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் என்ற அரபு எழுத்தாளர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். அதில் தானியம் கோதுமை, கேட்டவன் இந்தியன். கேரளத்தில் அம்பலப்புழைக் கோயில்காரர்கள் இதே கதையை அரிசியில் சொல்வார்கள்: கேட்டவர் கிருஷ்ணர், கொடுத்து முடியாத கடனுக்காகத்தான் அங்கே நாள்தோறும் பால்பாயசம். நான் நெல்லில் சொல்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு கோதுமையில் சொன்னால் யார் கேட்பார்கள்?

இதை எப்படி வாசிப்பது?

பாடசாலைப் புத்தகத்தில் மில்லியன், பில்லியன் என்று போகும். வீட்டில் பெரியவர்களிடம் சொல்வதென்றால் கோடியில் சொல்லுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டினால் 184467 / 4407370 / 9551615 என்று மூன்று துண்டு வரும். ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஒரே மூச்சில் சொல்லி முடித்த பிள்ளைக்கு ஒரு தடவை ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

64 எண்ணையும் உட்கார்ந்து கூட்ட வேண்டுமா?

வேண்டாம். விருத்திச் சூத்திரம்கூட வேண்டாம். பலகைக்கு வெளியே ஒரு நெல்மணியைக் கடன் வாங்கி வையுங்கள். அந்த ஒன்றும் முதல் கட்டத்து ஒன்றும் சேர்ந்து 2. அது இரண்டாம் கட்டத்து 2 உடன் சேர்ந்தால் 4. அது மூன்றாம் கட்டத்து 4 உடன் சேர்ந்தால் 8. இப்படியே கடைசி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனால் 2இன் 64ஆம் வலு வந்து நிற்கும். கடன் வாங்கிய மணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விடை: 2இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதில் இருப்பது அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களையும் சேர்த்ததைவிடச் சரியாக ஒரு மணி கூட. 64ஆம் கட்டத்தில் மட்டும் 9,223,372,036,854,775,808. முதல் 63 கட்டத்திலும் சேர்த்து அதில் ஒன்று குறைய.

கல்குலேட்டர் முழு எண்ணையும் காட்டவில்லையே, கையால் கண்டுபிடிக்கலாமா?

கல்குலேட்டர் 1.844674407 என்று தொடங்கி, பக்கத்தில் 10இன் 19ஆம் வலுவைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். கையால் செய்ய 63 தடவை இரட்டிக்கத் தேவையில்லை, ஆறு பெருக்கல் காணும். 2ஐ வர்க்கித்தால் 4; அதை வர்க்கித்தால் 16; பிறகு 256; பிறகு 65,536; பிறகு 4,294,967,296. அதையும் ஒரு தடவை வர்க்கித்தால் 64ஆம் வலு. கடைசிப் பெருக்கல் மட்டும் ஒரு முழுத் தாள் பிடிக்கும். சுட்டி விதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தாளைத்தான் காட்டுவேன்: வர்க்கிக்கும்போது சுட்டி இரட்டிக்கிறது, 1, 2, 4, 8, 16, 32, 64.

பெருக்கினது சரியா என்று பார்க்க ஒரு சின்ன வழி. 2இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிக்கொண்டே வரும். 64 நான்கால் பிரிவதால் 6இல் முடிய வேண்டும். ஒன்றைக் கழித்தால் 5.

சரி சேர், எத்தனை புசல்?

இதற்காக ஒரு நாள் ஆயிரம் நெல்மணியை எண்ணி, ஒரு கடதாசியில் மடித்து, தெரிந்த நகைக்கடை ஒன்றில் தராசில் போட்டுப் பார்த்தேன். 25 கிராமுக்குக் கிட்ட வந்தது. சம்பா என்றால் மணி சிறிது, நிறை இன்னும் குறையும். கணக்குக்கு 25 என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கிலோவில் 40,000 மணி. நெல்லில் ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ.

இனிக் கட்டம் கட்டமாகப் போகலாம். முதல் பத்துக் கட்டமும் சேர்த்து 1,023 மணி, உள்ளங்கையில் அடங்கும். 16 கட்டம் சேர்த்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல்; கோழிக்குப் போடலாம். 21ஆம் கட்டத்தில் 26 கிலோ, இப்போதுதான் ஒரு புசலைத் தாண்டுகிறோம். 30ஆம் கட்டத்துக்கு 13 தொன், ஒரு பெரிய லொறி வேண்டும். பலகையின் பாதி, அதாவது 32 கட்டமும் சேர்த்து 107 தொன், 5,100 புசல் சொச்சம். ஏக்கருக்கு நூறு புசல் விளைந்தது என்றால் ஐம்பது ஏக்கர் வயல்.

ஒரு மாணவனின் வாப்பா மகனை அழைத்துப்போக வந்தவர், வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்போகம், சிறுபோகம் என்று பரம்பரையாக வயல் செய்பவர். "பாதிப் பலகைக்கு அம்பது ஏக்கர் எண்டா, முழுப் பலகைக்கு நூறு ஏக்கர். பழைய போடியார்மார் இருந்தா ஒருத்தரே குடுத்திருப்பாரே சேர்" என்றார். நியாயமான கணக்கு. நானும் சின்ன வயதில் இப்படித்தான் நினைத்தேன். இரட்டிப்புக் கணக்கில் மனிதர்கள் சறுக்கும் இடம் சரியாக இதுதான்: பலகையின் பாதி, நெல்லின் பாதி அல்ல. 33ஆம் கட்டம் ஒன்றே முதல் பாதி முழுவதையும் விழுங்கிவிட்டு ஒரு மணி கூடக் கேட்கும். அடுத்தது அதிலும் இரண்டு மடங்கு.

48ஆம் கட்டத்துக்கு 35 இலட்சம் தொன், 49ஆம் கட்டத்துக்கு 70 இலட்சம் தொன். இலங்கை முழுவதிலும் ஒரு நல்ல வருடத்தில் இரண்டு போகத்துக்கும் கிடைக்கும் நெல் சுமார் 50 இலட்சம் தொன். ஆக நாட்டின் களஞ்சியம் 48க்கும் 49க்கும் நடுவில் காலியாகிவிடுகிறது. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் நெல் 80 கோடி தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அது 56ஆம் கட்டத்துக்கே காணாது. அதற்குப் பிறகும் எட்டுக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும்.

மொத்தம் 46,000 கோடி தொன்னுக்கு மேல். புசலில் 22 இலட்சம் கோடி. உலகமே இன்றைய விளைச்சலில் 580, 590 வருடம் பாடுபட்டு, ஒரு மணிகூடச் சாப்பிடாமல் சேர்த்தால் கொடுத்து முடிக்கலாம்.

எங்கே கொட்டி வைப்பது?

கன மீற்றருக்கு 575 கிலோ நெல் என்று பிடித்தால் 800 கன கிலோமீற்றர் இடம் வேண்டும். இங்கினியாகலையில் உள்ள சேனநாயக்க சமுத்திரம் நிரம்பினால் சுமார் 95 கோடி கன மீற்றர் தண்ணீர். கல்லோயாத் திட்டத்தில் எங்கள் வட்டைகளுக்குத் தண்ணீர் தரும் அந்தக் குளத்தை 840 தடவை நிரப்ப வேண்டும். அல்லது மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்தின் நிலம் முழுவதிலும் பரப்பினால் 110 மீற்றர் உயரத்துக்கு நெல். தென்னை, கோபுரம், பள்ளிவாசல் மினாரா எல்லாம் உள்ளே போய்விடும்.

இதன் காரணிகள் என்ன? இவ்வளவு பெரிய எண்ணை எப்படிப் பிரிப்பது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இருபது இலக்க எண் ஒன்றைக் கொடுத்துக் காரணி காணச் சொன்னால் யாரும் பயப்படுவார்கள். இந்த எண் மட்டும் ஒன்பதாம் ஆண்டுப் பாடத்துக்கே வழிவிடுகிறது: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். 2இன் 64ஆம் வலு என்பது 2இன் 32ஆம் வலுவின் வர்க்கம். 1 என்பது 1இன் வர்க்கம். ஆகவே நம் எண் = (2இன் 32ஆம் வலு + 1) × (2இன் 32ஆம் வலு − 1). இரண்டாவது அடைப்புக்குள் மறுபடியும் அதே உருவம். திரும்பவும் பிரியுங்கள். பலாப்பழம் பிளப்பதுபோலக் கடைசி வரைக்கும் பிளந்துகொண்டே போகலாம்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் உள்ளதில் ஒன்றைக் கழித்து, வர்க்கித்து, ஒன்றைக் கூட்டினால் வரும். 17 வேண்டுமா? 5இல் 1 குறைத்து 4, வர்க்கம் 16, கூட ஒன்று. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். 1640இல் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபெர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் முதன்மை எண் என்று தான் நம்புவதாகக் கடிதத்தில் எழுதினார். நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆறாவதே அவரைக் கைவிட்டது.

ஆறாவதில் என்ன பிழை?

1732இல் ஆயிலர், 4,294,967,297 = 641 × 6,700,417 என்று காட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி ஏதும் இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டார். பாருங்கள், இங்கேயும் ஒரு 64. அப்படிப்பட்ட முதன்மை எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிட்டது.

641 உண்மையாகவே வகுக்கும் என்பதற்குப் பெரிய வகுத்தல் எதுவும் செய்யாத ஒரு நிறுவல் இருக்கிறது. கரும்பலகையில் இதை எழுதி முடிக்கும்போது வகுப்பில் இரண்டு பேராவது "ஆ" என்பார்கள், அந்த இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: 640 + 1, 640 என்பது 5 × 2இன் 7ஆம் வலு. மற்றது: 625 + 16, அதாவது 5இன் 4ஆம் வலு + 2இன் 4ஆம் வலு.

முதலாவதை வைத்து 640இன் 4ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழியுங்கள். இது வர்க்கங்களின் வித்தியாசம். பிரித்தால் 640 + 1 ஒரு காரணியாக வரும். எனவே 641 இதை வகுக்கும். இரண்டாவதை 2இன் 28ஆம் வலுவால் பெருக்குங்கள். கிடைப்பது (5இன் 4ஆம் வலு × 2இன் 28ஆம் வலு) + 2இன் 32ஆம் வலு. இதையும் 641 வகுக்கும். இதில் அடைப்புக்குள் இருப்பது வேறொன்றும் இல்லை, அதே 640இன் 4ஆம் வலுதான். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அது போய்விடும். மிஞ்சுவது 2இன் 32ஆம் வலு + 1. இரண்டையும் வகுத்த எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். முடிந்தது.

ஆகவே நம் எண்ணின் முழுப் பிரிப்பு: 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழு முதன்மை எண்கள், ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்தக் காரணிகள் 2இன் 7ஆம் வலு, அதாவது 128. பலகையில் உள்ள கட்டங்களின் சரி இரட்டை. இது தற்செயல்தான், ஆனாலும் நன்றாக இருக்கிறது.

அப்போது இது முதன்மை எண் அல்ல. பலகையில் எங்கேயாவது மொத்தம் முதன்மை எண்ணாக வருமா?

வரும். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய கட்டங்களில் கூட்டலை நிறுத்தினால் மொத்தம் முதன்மை எண். 64 கட்டத்திலும் இந்த ஒன்பதுதான். மெர்சென் முதன்மை எண்கள் என்பது இவற்றைத்தான். கட்டத்தின் இலக்கம் முதன்மையாக இருந்தால்தான் மொத்தமும் முதன்மையாக வாய்ப்பு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. 11ஆம் கட்டம் வரைக்கும் மொத்தம் 2,047. அது 23 × 89.

64க்குப் பக்கத்தில் முதன்மை எண் வேண்டுமென்றால், 2இன் 64ஆம் வலுவில் 59 குறைத்தால் ஒன்று, 13 கூட்டினால் இன்னொன்று. நடுவில் எதுவும் இல்லை.

7ஆல் பிரியுமா? 9ஆல்? இது வர்க்க எண்ணா?

7ஆல் வகுத்தால் மீதி 1. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, அதனால் 3ஆல் பிரியும், 9ஆல் பிரியாது. வர்க்க எண் அல்ல: 4ஆல் வகுத்தால் மீதி 3, வர்க்க எண்ணுக்கு அப்படி ஒருநாளும் வராது. 8ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் மூன்று வர்க்கங்களைக் கூட்டியும் இதை ஆக்க முடியாது, நான்கு வேண்டும்.

கவராயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சமபக்க முக்கோணியைக் கவராயமும் நேர்விளிம்பும் வைத்து வரைவீர்கள். ஐங்கோணியும் வரையலாம். ஏழு பக்கம் முடியாது. பதினேழு பக்கம் முடியும் என்று 1796இல் கௌஸ் கண்டுபிடித்தார், அப்போது அவருக்கு 19 வயது நிரம்பவில்லை. ஒற்றை எண் பக்கங்கள் என்றால், பக்கங்களின் எண்ணிக்கை ஒரு ஃபெர்மா முதன்மை எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தெரிந்த ஃபெர்மா முதன்மை எண்கள் 3, 5, 17, 257, 65,537 மட்டுமே. இதற்குப் பிறகு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295. அதாவது பாதிப் பலகையில் இருக்கும் நெல்மணிகளின் எண்ணிக்கை! வாப்பா சொன்ன அந்த ஐம்பது ஏக்கர் நெல்லில் எத்தனை மணியோ, அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்கான பல்கோணியைக் கொள்கை அளவில் கவராயத்தால் வரையலாம். வரைந்து காட்டச் சொல்லாதீர்கள்.

கணினி படிக்கும் அண்ணா இந்த எண்ணை ஏற்கெனவே தெரியும் என்றாரே?

தெரிந்திருக்கும். துவித எண்ணில் எழுதினால் இது வெறும் 64 ஒன்றுகள், பதினறும எண்ணில் 16 தடவை 15க்கான இலக்கம். 64 பிட் இடத்தில் குறி இல்லாமல் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் இதுவே. அந்த இடத்தில் இன்னும் ஒன்றைக் கூட்டினால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், பழைய மோட்டார்சைக்கிளின் மீற்றர் 99999 தாண்டினால் திரும்புவதுபோல.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணை விரிதாளில் தட்டினால் முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிடும். ஒரு மாணவி அப்படிக் கொண்டுவந்து, "சேர், உங்கட எண் பிழை, இது பூச்சியத்தில முடியுது" என்று என்னோடு வாதாடினாள். கணினி சொன்னதால் நம்பிவிட்டாள், பாவம். கடைசி இலக்கம் 5 என்று மேலே கையாலேயே கண்டுபிடித்தோமே, அதைக் காட்டித்தான் சமாளித்தேன்.

பரீட்சைக்கு வருமா?

வராது.

கடைசியில் அவனுக்கு நெல் கிடைத்ததா?

இந்தக் கதைக்குப் பல முடிவு உண்டு. எனக்குப் பிடித்ததில் அரசனின் கணக்கன் புத்திசாலி: "களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறோம், உன் நெல்லை நீயே எண்ணி எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறான். விநாடிக்கு ஒரு மணி என்று இராப்பகலாக எண்ணினாலும் 58,000 கோடி வருடத்துக்கு மேல் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருடம்தான். 1883இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கோபுரப் புதிரை வெளியிட்டார்: 64 பொன் தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், சின்னதன்மேல் பெரியதை வைக்கக்கூடாது. அதற்குத் தேவையான அசைவுகளும் அச்சொட்டாக இதே எண். மாற்றி முடிக்கும்போது உலகம் முடியும் என்று கதை கட்டினார், தைரியமாகக் கட்டலாம்.

களவெட்டியில் நெல் அளப்பவர்கள் முதல் அளவையை "ஒன்று" என்று சொல்லமாட்டார்கள், "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். இப்னு கல்லிக்கான் காலத்தில் அந்த மனிதன் "லாபம்" என்று முதல் மணியை எடுத்து, நித்திரை கொள்ளாமல் இன்றுவரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தால், இப்போது 35ஆம் கட்டத்தில் நிற்பான்.